மாமியார் தின்ற மாத்திரை

நோயே இல்லாதவர்கள் நோய் இருப்பதாகவும், நோய் இருப்பவர்கள் இல்லவே இல்லை என்றும் சத்தியம் செய்யும் இடத்துக்குத்தான் தொழிற்சாலை முதலுதவி அறை என்று பெயர். ஒரகடத்தில், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் நான் அந்த அறையின் ஆண் நர்ஸ். வலிக்கும்போது என்னை 'டாக்டர்' என்பார்கள். அரை நாள் ஓய்வு எழுதித் தர மறுத்தால் அந்த நொடியே 'கம்பவுண்டர்' ஆகிவிடுவேன். நீங்களும் இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஊரார் உடம்புக் கதையெல்லாம் கேட்டவர் என்றால், உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கேட்டதில் எது நிஜம், எது லீவுக்காக என்று வீட்டில் விட்டத்தைப் பார்த்தபடி யோசிக்கும் கெட்ட பழக்கம் உங்களுக்கும் இருக்கும்.

அப்படி வருடக்கணக்கில் நான் நம்பாமலே வைத்திருக்கும் கதை ஒன்று உண்டு. நம்பாவிட்டாலும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இது என்ன நியாயம் என்று என்னை நானே கேட்டுக்கொண்டதும் உண்டு. கதையைச் சொன்னவள் மாரிச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். எங்கள் அசெம்பிளி லைனில் வேலை.

இரும்பு கிடைக்காத இடம்

மாரிச்செல்வியை நான் முதலில் பார்த்தது தரையில். லைனுக்குப் பக்கத்தில் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க விழுந்துகிடந்தாள். சுற்றி நின்ற கூட்டம் ஒரே குரலில் "சாவி, சாவி" என்று கத்தியது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டில் பிறந்த எவருக்கும் யாரும் சொல்லித்தராமலே தெரிகிற விஷயம். ஆனால் எங்கள் லைனுக்குள் சாவி, மோதிரம், வளையல், சேஃப்டி பின் எதையும் கொண்டுவரக் கூடாது. ஒயரைக் கீறிவிடுமாம். தாலியைக்கூட டேப் சுற்றித்தான் உள்ளே விடுவார்கள். அதனால் இத்தனை மெஷின் ஓடும் அந்தத் தொழிற்சாலையில் ஒரு பெண்ணின் கையில் திணிக்கத் துண்டு இரும்பு இல்லை.

நான் ஓடிப் போய் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தலைக்குக் கீழே யாரோ ஒருவரின் மடித்த கோட்டை வைத்தேன். வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் எதையும் கொடுக்காதீர்கள், அதுவாக நிற்கும் என்று சொன்னேன். யார் கேட்டார்கள்? லைன் சூப்பர்வைசர் பாய்ந்து போய் நட்டை அளவாக முடுக்கும் பெரிய டார்க் ரெஞ்சைக் கொண்டுவந்து அவள் விரல்களுக்குள் திணித்தார். கருவிகளின் அளவைச் சரிபார்க்கும் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "சார், அதைக் கீழ போட்டுடாதீங்க, நேத்துதான் காலிப்ரேஷன் முடிஞ்சு வந்துது!"

கால்சியம் டப்பா

தெளிந்த பிறகு என் அறையில் படுத்திருந்தவள் முதலில் கேட்டது, "வீட்டுக்குச் சொல்லிட்டீகளா?" சொல்லவில்லை என்றதும் எழுந்து உட்கார்ந்து, கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வலிப்பு. ஊர் டாக்டர் கொடுத்த மாத்திரையில் அடங்கியிருந்தது. இங்கே வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டில்லிபாபுவைக் காதலித்து, வல்லக்கோட்டைப் பக்கம் அவன் வீட்டுக்கு மருமகளாகப் போனபோது, வலிப்பை மட்டும் சீரில் சேர்க்காமல் விட்டுவிட்டாள். மாத்திரைகளை உறையிலிருந்து உரித்து, கால்சியம் மாத்திரை வந்த பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அடுப்படி அலமாரியில் வைத்தாள். கர்ப்பமானபோது செக்கப்புக்குப் போனால் மாமியார் கன்னியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதனால் அந்த டாக்டரிடமும் வலிப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

பிறகுதான் அந்தக் கதை வந்தது. "மாத்திரை கணக்குக்கு முன்னாடியே தீந்து போவுதேன்னு பாக்கேன் அண்ணாச்சி. ஒரு நாள் அடுப்படியில எட்டிப் பாத்தா, அத்தை டப்பாவைத் தொறந்து ஒண்ணை வாயில போடுதாக. முட்டிவலிக்கு நல்லா கேக்குதுங்காக. அது வலிப்பு மாத்திரைன்னு நான் எந்த வாயால சொல்ல? பிள்ளை பெறந்த மட்டும் பாதிக்குப் பாதி அவுகதான் தின்னாக." நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒரு சந்தேகமும் வந்தது. அந்த மாத்திரை பழகாத உடம்பைத் தூக்கத்தில் ஆழ்த்தும். கன்னியம்மாவோ விடியுமுன் எழுந்து ஒரகடம் கூட்டுரோட்டில் இட்லிக் கடை போடுகிறவர். மாவுச் சட்டிக்குள்ளேயே தலையைக் கவிழ்த்திருக்க வேண்டாமா? கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் முடித்துவிட்டாள். "அத்தைக்கு முட்டிவலியும் போச்சு அண்ணாச்சி, இன்னைய வரைக்கும் வலிப்பும் வரல."

குழந்தை நிபுணர்கள்

அவள் மகன் கவினுக்கு அப்போது மூன்று வயது தாண்டியிருந்தது. பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மின்விசிறி சுற்றுவதை மட்டும் மணிக்கணக்கில் பார்ப்பான். ஒரு நாள் அவள் என் அறையில் இதைச் சொன்னதுதான் தாமதம், தலைவலித் தைலம் வாங்க வந்தவர்கள் எல்லாம் குழந்தை நிபுணர்கள் ஆனார்கள். சூப்பர்வைசர் செல்போன்தான் காரணம் என்றார், தன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். செக்யூரிட்டி நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னார். கேன்டீன்காரர், கிரகணத்தில் அவள் வெளியே வந்திருப்பாள் என்று அடித்துச் சொன்னார். அன்றைக்கு ஷிஃப்டில் இருந்த ஒருவரைக்கூட அந்தக் குழந்தை பார்த்ததில்லை.

கம்பெனி பஸ் டிரைவர் தனபால் மட்டும் கடைசி வரை வாயைத் திறக்காமல், கட்டை விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாரிச்செல்வி கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் எழுந்தார். "அழுவாதம்மா. என் மச்சான் புள்ள அஞ்சு வயசு வரைக்கும் ஊமையாட்டம் கீந்தான். இப்ப எலக்‌ஷன்ல நின்னுகினு மைக்க வுட மாட்றான். பேசாம இருந்த வரைக்கும்தான் வூடு நிம்மதியா இருந்துச்சு."

புதன்கிழமை அம்மா

வாரம் ஒரு நாள் வரும் எங்கள் டாக்டருக்கு 'புதன்கிழமை அம்மா' என்று பெயர். அவரிடம் மாரிச்செல்வியை நான்தான் அனுப்பினேன். மாத்திரையின் பெயரைக் கேட்டதும் அவர் பேனாவை மூடி வைத்தார். அவர் பேனாவை மூடினால் விஷயம் பெரிது. வால்ப்ரோயேட். வலிப்புக்கு நல்ல மருந்துதான். ஆனால் வயிற்றில் குழந்தை இருக்கும்போது சாப்பிட்டால் சில குழந்தைகளுக்குப் பேச்சு, படிப்பு, கவனம், மற்றவர்களோடு பழகுவது இதிலெல்லாம் பின்னடைவு வரலாம் என்றார். எல்லாக் குழந்தைக்கும் வராது. கவினுக்கு இதனால்தான் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கவினை இப்போதே பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பு. இன்னொரு குழந்தை வேண்டுமென்றால், அதற்கு முன்பே நரம்பு டாக்டரைப் பார்த்து வேறு மாத்திரைக்கு மாறிக்கொள். நீயாக ஒரு வேளைகூட நிறுத்தாதே. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், கர்ப்பத்தில் வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

இதில் சிக்கல் என்னவென்று உங்களுக்கே புரிந்திருக்கும். இரண்டாவது குழந்தை அவளுக்கும் வேண்டும், அந்த வீட்டுக்கும் வேண்டும். மாத்திரையை மாற்ற மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். இட்லிக் கடைக்காரக் கன்னியம்மாவின் கண்ணில் படாமல் அலைய ஒரகடத்தில் சந்து கிடையாது. ஆக, ஒன்று வீட்டில் உண்மையைச் சொல்ல வேண்டும்; இல்லையென்றால் அடுத்த குழந்தையும் அதே டப்பாவை நம்பித்தான் வளர வேண்டும்.

மாரிச்செல்வி குனிந்து அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினாள். நான் செய்ததா இது என்று கேட்கப்போகிறாள், நாம் என்ன சொல்வது என்று நான் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்தாள். "அப்படிப் பாத்தா எங்க அத்தைக்குல்லா, டாக்டர், புத்தி மந்தமாயிருக்கணும்? பாதி அவுக தின்னதுதானே!" புதன்கிழமை அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது: பாதியை மாமியாருக்குத் தள்ளிவிட்டால், தன் தலையில் பாதிதான் மிஞ்சும். அந்தக் கதை எதற்காகப் பிறந்தது என்று எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் இப்படி யோசிப்பவன் நான் ஒருவன்தானோ, அவள் பாட்டுக்கு நடந்ததைச் சொன்னாளோ என்று அடுத்த நிறுத்தத்திலேயே குழம்பிவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் கேட்டார்: "இன்னா கம்பவுண்டரே, மாத்திர மாத்தி முழுங்கிட்டியா?"

பஸ் போன பாதை

டாக்டர் பத்து விஷயம் சொன்னால் நோயாளி ஒன்றைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார். மாரிச்செல்வி எடுத்துப் போனது, மாத்திரை கெட்டது என்பதை மட்டும். நிறுத்தாதே என்றதை என் அறை வாசலிலேயே விட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை அடியோடு நிறுத்தினாள். அந்த வாரமே மதிய ஷிஃப்டுக்கு வரும் கம்பெனி பஸ்ஸில், ஒரகடம் வந்து சேருமுன் வலிப்பு வந்தது. ஒன்று நின்று, நினைவு திரும்புமுன் இன்னொன்று.

தனபால் ஆம்புலன்சுக்குக் காத்திருக்கவில்லை. பஸ்ஸைத் திருப்பி, பஸ் நிறையப் பெண்களோடு நேரே ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் விட்டார். எல்லோரும் ஒரே யூனிஃபார்மில் இறங்குவதைப் பார்த்த வாட்ச்மேன், எந்த ஹாஸ்டலில் சாப்பாடு விஷமாகிவிட்டதோ என்று நினைத்து உள்ளே ஓடினார். நர்சுகள் பாதிப் பெண்களைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னவர்களை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்களாம். நல்லவேளை, ஒரு டாக்டர் சரியான பெண்ணைக் கண்டுபிடித்து ஊசி போட்டார். அன்றைக்கு எங்கள் லைன் ஷிஃப்ட் முழுக்க நின்றது. மேனேஜர் போனில் தனபாலைக் காய்ச்சி எடுத்தார். முழுவதையும் கேட்டுவிட்டுத் தனபால் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "இன்னா சார் பண்றது? அந்தப் பொண்ண மட்டும் எறக்கி வுட்டுட்டு வர்றதுக்கு இது ஷேர் ஆட்டோவா?"

ஆஸ்பத்திரி வராண்டா

நான் போய்ச் சேர்ந்தபோது டில்லிபாபு சுவரில் சாய்ந்து நின்றான். இடுப்பில் கவினோடு கன்னியம்மா வந்தார். கையில் இட்லி மாவு காய்ந்திருந்தது. இன்றோடு இந்தக் கல்யாணம் முடிந்தது என்றுதான் வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் நினைத்தோம். லைன் பெண்களில் ஒருத்தி வேறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இவங்கதான்டி அந்தக் கால்சியம் மாமியார்!" என்று கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு எங்கள் பெண்களுக்கு வராது. மெஷின் சத்தத்தில் பேசிப் பழகியவர்கள். கன்னியம்மா திரும்பினார். "இன்னா கால்சியம்?" என்றார். வேறு வழியில்லாமல் அந்தப் பெண் முழுக் கதையையும் சொன்னாள். கன்னியம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று நான் பார்த்தேன். கவினின் மூக்கைத் துடைத்துவிட்டார், அவ்வளவுதான்.

டில்லிபாபு முனகினான். "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? ஏமாத்திட்டாம்மா." வராண்டாவிலேயே போட்டிருந்த கட்டிலில் கிடந்த மாரிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். விழித்துத்தான் இருந்தாள், இமை துடித்தது. கன்னியம்மா குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மகனை மேலும் கீழும் பார்த்தார். "உங்கப்பனும் நீயும் குடிக்கிறத நாம சொல்லிட்டாடா பொண்ணு கட்னோம்?"

முதல் வார்த்தை

ஆக, சிக்கல் பஸ்ஸிலேயே பாதி தீர்ந்தது. மறைக்க இனி எதுவும் இல்லை. நரம்பு டாக்டர் பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். வலிப்பு அடங்கி, அவர் சரி என்று சொல்லும் வரை அடுத்த குழந்தை பேச்சே கூடாது என்றார். கன்னியம்மா காலையும் இரவும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டி, விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வாராம். "ஸ்கூல்ல போலியோ சொட்டு மருந்துக்குக்கூட இவ்வளவு சோதன கெடையாது அண்ணாச்சி" என்று மாரிச்செல்வி அலுத்துக்கொண்டாள். அலுப்பில் பாதி பெருமை.

கவின் பேச்சுப் பயிற்சிக்குப் போனான். வாரா வாரம் குன்றத்தூர் வரை அழைத்துப் போனது டில்லிபாபு. ஷிஃப்டை மாற்றிக்கொள்ள அவன் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட நிஜமில்லை என்பதற்கு நானே சாட்சி. நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் ஃபோர்க்லிஃப்டைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு என் அறைக்கு ஓடி வந்தான். பையன் பேசிவிட்டான். என்ன சொன்னான் என்று கேட்டேன். "அப்பான்னும் சொல்லல, அம்மான்னும் சொல்லல சார். 'ஓ.டி.'ங்கிறான். வூட்ல நாங்க ஓவர்டைம் தவிர வேற எதையும் பேசுறதில்லன்னு தெருவுக்கே தெரிஞ்சிபோச்சு."

காதுகுத்து

புது மாத்திரையோடு கர்ப்பமாகி, டாக்டர்கள் இருவருக்கும் தெரிந்தே பெற்ற பெண் குழந்தை அது. காதுகுத்து வல்லக்கோட்டை முருகன் கோவிலில். என்னையும் அழைத்தார்கள். அந்தக் குழந்தை ஒரு வயதிலேயே தட்டாரைப் பார்த்துத் திட்டுகிற தோரணையில் ஏதேதோ பேசியது. கவின் சற்றுத் தள்ளி, மணியின் கயிறு ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வயது. பேசுகிறான், ஒவ்வொரு வார்த்தையாக. பள்ளியில் தனியாக ஒரு டீச்சர் சொல்லிக்கொடுக்கிறார். இனி எவ்வளவு தூரம் வருவான் என்று யாருக்கும் தெரியாது.

பந்தியில் டில்லிபாபுவுக்கு அத்தை முறையாகும் ஒருவர், அப்பளத்தை நொறுக்கியபடியே ஆரம்பித்தார். "சின்னது இப்பிடி பேசுது. பெரியவன் ஏன் அப்பிடி கீறான்? மாத்திரய மறைச்சி மறைச்சி துன்னாளாமே, அதான். பெத்தவளே புள்ளைக்கு வெசம் வெச்சிகிறா." இலைகள் முன்னால் எல்லாக் கைகளும் நின்றன. சாம்பார் வாளியோடு நின்றிருந்த மாரிச்செல்வியின் முகத்தை நான் பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் அவள் தன்னிடமே வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்ததை யாரோ ஒருத்தி வாய் நிறையச் சோற்றோடு கேட்டுவிட்டாள். புதன்கிழமை அம்மா சொன்னதையெல்லாம் நான் சொல்லியிருக்கலாம். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தாயின் மேல் பழி போட இதில் எதுவும் இல்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொண்டிருப்பது என் பிறவிக் குணம்.

கன்னியம்மா முந்திக்கொண்டார். "யாருடி மாத்திர துன்னது? அவ எங்க துன்னா? டப்பாவுல இருந்தது அம்மாத்தையும் நான் துன்னேன். முட்டிவலின்னு வேளைக்கி ரெண்டா துன்னேன். இந்தா கீறேன், எனக்கு இன்னா கொறஞ்சி போச்சி? நீ மாத்திரயே துன்னாம பெத்தியே ஒண்ணு, அது இன்னா கலெக்டராவா கீது?" பந்தி குலுங்கியது. அத்தை முறைக்காரி இலையை மூடினார். கவின் மணியை ஒரு முறை அடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

பாதி இப்போது முழுதாகியிருந்தது. உண்மையிலேயே தின்ற பெண்மணி வராண்டாவில் ஏன் வாய் திறக்கவில்லை? தின்னாதவர் என்றால், பிள்ளைக்கு நேர்ந்ததை ஏன் தூக்கித் தன் இலையில் போட்டுக்கொண்டார்? முதலுதவி அறையில் இத்தனை வருடம் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது, எல்லோரும் பொய் சொல்வார்கள், சிலர் மட்டும் அடுத்தவர் வலிக்காகச் சொல்வார்கள் என்பதுதான். கை கழுவும் இடத்தில் மாரிச்செல்வி தண்ணீர் ஊற்ற வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, உதடு சிரித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை வாக்கியத்தைச் சரிபார்க்காமல் கேட்டுவிட்டேன்:

"மாரி, இப்படிச் சொல்லச் சொல்லி அவங்ககிட்ட நீ கேட்டியா, இல்ல அவங்களாவே சொன்னாங்களா?"